தோட்டத்து அலுவலக அறைக்கு வீட்டு இணையத்தைக் கொண்டுசெல்லும் முறை

வீட்டில் இருந்தபடியே அலுவலக வேலை பார்ப்பவர்கள், கூடத்துச் சத்தத்திலிருந்து விலகுவதற்காகப் பின்புறத் தோட்டத்தில் ஓர் அறையைக் கட்டிக்கொள்ளும்போது, சுவர், கூரை, மின்விசிறி, ஏசி என எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துவிட்டு இணையத்தைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். வீட்டு ரவுட்டரின் வைஃபை பின்வாசல்வரை வருகிறதே, இன்னும் கொஞ்ச தூரம் வராதா என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்துவிடும். வீட்டிலிருந்து இருபது முதல் எண்பது மீட்டர் தொலைவில், ஒரே சுற்றுச்சுவருக்குள், தனிக் கட்டடமாக நிற்கும் அறையை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நடுவில் தென்னையோ மாமரமோ நிற்கிறது, கூரை தகரமாகவோ கான்கிரீட்டாகவோ இருக்கிறது, சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் உண்டு என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய இடத்துக்கு என் பரிந்துரை இரு கட்டடங்களுக்கும் இடையில் ஃபைபர் (ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழைக் கேபிள்) பதிப்பதுதான். அது இயலாதபோது மட்டுமே மற்ற வழிகளைப் பார்க்க வேண்டும்.

எங்கே குறைகிறது என்று அறிதல்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு மடிக்கணினியை வீட்டு ரவுட்டரின் லேன் போர்ட்டில் கேபிள் மூலம் நேரடியாக இணைத்து வேகத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயே வேகம் குறைவாக இருந்தால் கோளாறு இணைய நிறுவனத்தின் பக்கத்திலோ நீங்கள் எடுத்திருக்கும் திட்டத்திலோ உள்ளது. தோட்டத்துக்கு எவ்வளவு நல்ல கேபிள் போட்டாலும் அது சரியாகாது. அங்கே வேகம் முழுமையாகக் கிடைத்தால், அதே மடிக்கணினியை வைஃபையில் இணைத்து, கூடத்திலும் பின்வாசலிலும் தோட்டத்து அறைக்குள்ளும் தனித்தனியே அளக்கலாம். கைபேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை நிறுவினால் அது அலைவலிமையை டிபிஎம் என்னும் அலகில், எப்போதும் கழித்தல் குறியோடு, காட்டும். −50 என்பது மிக நல்ல நிலை; −67 வரை காணொளி அழைப்புகள் தடையின்றி நடக்கும்; −75-ஐத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டால் இணைப்பு இருப்பதாகத் திரையில் தெரியுமே தவிர வேலை நடக்காது.

வேகத்தைவிட முக்கியமானது இணைப்பின் நிதானம். தெளிவான காணொளி அழைப்பு ஒன்றுக்கு இரு திசைகளிலும் விநாடிக்கு ஏறத்தாழ 4 மெகாபிட் இருந்தால் போதும் என்பதால், 100 மெகாபிட் திட்டம் வைத்திருப்பவரின் அழைப்பு உறைந்து நிற்பதற்கு வேகக் குறைவு காரணமாக இருப்பதில்லை. தரவு சிறு சிறு பொட்டலங்களாகப் பயணிக்கிறது; இடையிடையே அவற்றில் சில தொலைவதே காரணம். இதைக் கண்டறிய, தோட்டத்து அறையில் அமர்ந்து, கணினியின் கட்டளைச் சாளரத்திலிருந்து ரவுட்டரின் முகவரிக்கு (பல வீடுகளில் இது 192.168.1.1) சில நிமிடங்கள் தொடர்ந்து பிங் (பதில் கேட்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்பிப் பாருங்கள். பதில் வரும் நேரம் 3 மில்லிவிநாடியிலிருந்து திடீரென 300-க்குத் தாவுவதும், நடுநடுவே பதிலே வராமல் போவதும் தென்பட்டால், வீட்டுக்கும் அறைக்கும் இடைப்பட்ட பாதைதான் பழுது என்பது உறுதியாகிவிடும்.

எளிய வழிகளும் அவற்றின் எல்லையும்

பெரும்பாலான வீடுகளில் ரவுட்டர் முன்கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், இணைய நிறுவனத்தின் ஆள் கேபிளை உள்ளே நுழைத்த இடத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து தோட்டத்துக்கு அலை செல்ல வேண்டுமானால் ஒன்பது அங்குலத் தடிப்புள்ள இரண்டு மூன்று சுவர்களையும், சமையலறையின் குளிர்பதனப் பெட்டியையும், பிறகு அறையின் வெளிச்சுவரையும் கடக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம், ஊடுருவும் ஆற்றல் குறைவு, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும், ஆனால் அண்டை வீடுகளின் ரவுட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் நெருக்கிக்கொண்டு நிற்கும். நீர் நிறைந்த இலைகள் அலையை உறிஞ்சுவதால் மழை பெய்த அன்று நிலைமை இன்னும் மோசமாகும். வண்ணத் தகடு அடித்த சுவரும் கூரையும் கொண்ட அறையாக இருந்தால் உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். சன்னல் வழியாக நுழைவதுதான் உள்ளே கிடைக்கும்.

ஆகவே செலவில்லாத முதல் முயற்சி, ரவுட்டரைத் தோட்டத்தைப் பார்த்த சன்னலருகே மாற்றி வைப்பதாகும். பதினைந்து மீட்டருக்குள் அறை இருந்து, இரு சன்னல்களும் ஒன்றையொன்று பார்த்தபடி அமைந்திருந்தால் இது ஒன்றே போதுமானதாகிவிடலாம். கடைக்காரர்கள் உடனே எடுத்துக் காட்டும் ரிப்பீட்டரை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே அலைவரிசையில் வாங்கி ஒரே அலைவரிசையில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் கிடைக்கும் வேகத்தை ஏறத்தாழ பாதியாக்கிவிடும். மேலும், அதைத் தோட்டத்து அறைக்குள் வைப்பவர்கள் நலிந்த அலையைத்தான் அதற்கு ஊட்டுகிறார்கள். பல இடங்களில் வைத்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் கருவிகளுக்கும் இது பொருந்தும். அவை ஒன்றோடொன்று காற்றுவழியாகப் பேசும்வரை நடுவிலுள்ள சுவரும் மரமும் அங்கேயேதான் இருக்கின்றன. கேபிளால் இணைத்தால்தான் அவை முழுத் திறனைக் காட்டும்.

மின்கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்டர்கள் கேட்க இனிமையானவை. ஆனால் நம் ஊர் வீடுகளில் மும்முனை மின்சாரமும், ஒரு முனையில் மின்சாரம் இல்லாதபோது மற்றொன்றுக்கு மாற்றும் ஃபேஸ் சேஞ்சர் ஸ்விட்சும் சாதாரணம். வீடு ஒரு முனையிலும் தோட்டத்து அறை மற்றொரு முனையிலும் ஓடினால் அடாப்டர்கள் ஒன்றையொன்று காண்பதே அரிது. இன்று வேலை செய்தது நாளை யாரோ ஸ்விட்சைத் திருப்பியதும் நின்றுபோகும். கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கியதும் எழும் மின்னிரைச்சல் வேறு. அறைக்கு மின்சாரம் தனி மீட்டரிலிருந்து வருமானால் இந்த வழியை மறந்துவிடலாம்.

இணைய நிறுவனத்தின் ஃபைபரையே இரண்டாகப் பிரித்துத் தோட்டத்துக்கு ஒரு கிளை விட முடியாதா என்றும் சிலர் கேட்பதுண்டு. இயலாது. வீட்டிலுள்ள ஓஎன்டி கருவி (நிறுவனத்தின் ஃபைபர் வந்து முடியும் பெட்டி) நிறுவனத்தின் பொறியில் அதன் வரிசை எண்ணோடு பதிவு செய்யப்பட்டது. பிரித்த கிளையில் மாட்டும் வேறொரு கருவியை அந்தப் பொறி ஏற்காது. வேண்டுமானால் தோட்டத்து அறைக்கே இரண்டாவது இணைப்பு ஒன்றைத் தனியாக வாங்கலாம். மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்றாலும், வேறொரு நிறுவனத்திடம் வாங்கினால் ஒன்று நின்றால் மற்றொன்று இருக்கும் என்ற வசதி, இணையத்தை நம்பிப் பிழைப்பு நடத்துபவர்களுக்குச் சிறிதல்ல.

செம்புக் கம்பியின் சிக்கல்

ஈதர்நெட் கேபிளின் எல்லை 100 மீட்டர். அதில் 90 மீட்டர் சுவரிலோ மண்ணிலோ பதிந்த கேபிளுக்கும், 10 மீட்டர் இருமுனைகளிலும் கருவியோடு இணைக்கும் குட்டைக் கேபிள்களான பேட்ச் கார்டுகளுக்கும் என்பது வழக்கமான கணக்கு. இந்த எல்லைக்குள் கேட் 5ஈ கேபிளே ஒரு ஜிகாபிட் வேகத்தைத் தாங்கும். கேட் 6 வாங்குவதில் தவறில்லை. கடையில் கவனிக்க வேண்டியது வேறு. மலிவு விலையில் கிடைக்கும் பல கேபிள்கள், அலுமினியக் கம்பியின்மேல் செம்புப் பூச்சுப் பூசிய சிசிஏ வகையைச் சேர்ந்தவை. மின்தடை கூடுதல், வளைத்தால் ஒடியும், கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பினால் சூடாகும். முழுச் செம்பு என்று கேபிளின் உறையிலேயே அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்க வேண்டும். வெயிலில் போவதானால் கறுப்புப் பாலிஎதிலீன் உறையும், மண்ணுக்குள் போவதானால் நீர் புகாத ஜெல் நிரப்பியதும் தேவை. வீட்டுக்குள் பயன்படுத்தும் சாம்பல் நிறக் கேபிள் வெயிலில் கிடந்தால் அதன் உறை வெடித்துவிடும்.

இவ்வளவு கவனமாக வாங்கினாலும் ஓர் ஆபத்து மிஞ்சுகிறது. வீட்டுக்கு ஓர் எர்த் குழியும் தோட்டத்து அறைக்கு வேறோர் எர்த் குழியும் இருக்கும்போது, பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தால், அந்த மின்னோட்டம் மண்ணில் பரவும் கணத்தில் இரு குழிகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு தோன்றக்கூடும். அந்த வேறுபாடு சமமாவதற்கு வழி தேடும்போது, இரு கட்டடங்களையும் இணைக்கும் செம்புக் கேபிள் எளிய பாதையாக அமைந்துவிடுகிறது. ரவுட்டரின் போர்ட்டும், இணைப்பைப் பல கருவிகளுக்குப் பிரிக்கும் நெட்வொர்க் ஸ்விட்சும், சில நேரம் கணினியும் ஒன்றாகக் கருகுவது இதனால்தான். இடி நேரடியாக வீட்டில் விழ வேண்டும் என்பதில்லை. இரு முனைகளிலும் ஈதர்நெட் சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மிகை மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி) வைத்து அவற்றை முறையாக எர்த் செய்தால் சேதம் குறையும். ஆனால் அந்தச் செலவையும் உழைப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஃபைபரே மலிவாக முடிகிறது. வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கும், ஒரே எர்த்தைப் பகிரும் அறைக்கு மட்டும் செம்புக் கேபிள் தாராளமாகப் போடலாம்.

ஃபைபர் பதித்தல்

கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதே இதன் முதல் தகுதி; தூரம் ஒரு பொருட்டல்ல என்பது இரண்டாவது. ஒற்றைமுறை (சிங்கிள் மோட்) இழையில் 1310 நானோமீட்டர் ஒளி ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் இழப்பது அரை டெசிபலுக்கும் குறைவு என்பதால், ஐம்பது மீட்டரில் இழப்பு கணக்கிலேயே வராது. ஊர் ஊராக இணையக் கேபிள் இழுக்கும் ஆட்களிடம் இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் இருக்கிறது. அரை நாள் கூலிக்கு அவர்களே முனைகளை ஒட்டித் தந்துவிடுவார்கள். ஆள் கிடைக்காவிட்டால், இருமுனைகளிலும் இணைப்பான் பொருத்தியே விற்கப்படும் நீண்ட ஒற்றைமுறைப் பேட்ச் கார்டை வாங்கிக் குழாய்க்குள் இழுத்துவிடலாம்.

கேபிள் வாங்கும்போது நான்கு இழைகள் கொண்டதாகக் கேளுங்கள். தேவைப்படுவது ஒன்றுதான், மற்றவை, ஒன்று பழுதானால் மீண்டும் குழி தோண்டாமல் மாற்றிக்கொள்வதற்கு. எஃகுக் கவசம் போட்ட கேபிள் எலிக்கு அஞ்சாது என்றாலும் அந்த எஃகு மின்சாரத்தைக் கடத்தும். மின்னலுக்காக ஃபைபரைத் தேர்ந்தெடுத்துவிட்டு உலோகத்தைத் திரும்ப உள்ளே கொண்டுவருவது பொருளற்றது. உலோகம் இல்லாத கேபிளைக் கெட்டியான குழாய்க்குள் போடுவதே சரி. வீடுகளுக்கு இழுக்கும் தட்டையான டிராப் கேபிளைப் பயன்படுத்தினால், அதன் ஓரத்தில் ஓடும் எஃகுக் கம்பியைப் பிரித்து வெளிச்சுவரிலேயே நறுக்கிவிட்டு, இழையை மட்டும் உள்ளே விட வேண்டும்.

குழியின் வழியைத் தீர்மானிப்பதில்தான் தோட்டத்தைத் தெரிந்தவரின் அறிவு பயன்படும். தென்னைக்கு உரம் வைக்க மரத்தைச் சுற்றி ஏறத்தாழ ஆறடி ஆரத்தில் வட்டப்பாத்தி எடுப்பது வழக்கம். ஆண்டுதோறும் மண்வெட்டி இறங்கும் அந்த வட்டத்துக்குள் குழாய் போகக் கூடாது. எனவே ஒவ்வொரு மரத்திலிருந்தும் இரண்டு மீட்டருக்கு மேல் விலகியே வழியை வகுக்க வேண்டும். சுற்றுச்சுவரை ஒட்டிச் செல்லும் வழி நீளமானாலும் பாதுகாப்பானது. வண்டி ஏறாத இடத்தில் ஒன்றரை அடி ஆழமும், டிராக்டரோ காரோ போகும் இடத்தில் இரண்டரை அடி ஆழமும் தோண்டி, அடியில் கல் இல்லாமல் மணல் பரப்பி, 25 மில்லிமீட்டர் அளவுள்ள கெட்டிப் பிவிசி குழாயையோ எச்டிபிஇ குழாயையோ இறக்குங்கள். மின்சாரக் கேபிளும் அதே குழியில் வருமானால் அதைத் தனிக் குழாயில், ஓரடி விலக்கி இடுவது முறை. இழைக்கு மின்னிரைச்சலால் தொல்லை இல்லை. ஆனால் பின்னாளில் அந்தக் குழியைத் திறக்கும் ஆளின் உயிர் முக்கியம்.

மூலைகளில் குறுகிய எல்போ மாட்டாமல் நீள்வளைவுக் குழாயைப் பயன்படுத்துங்கள், ஏனெனில் இழுக்கும்போது கேபிளின் வளைவு ஆரம் அதன் விட்டத்தைப்போல் இருபது மடங்குக்குக் குறையக் கூடாது. குழாய்களை ஒட்டும்போதே உள்ளே ஒரு நைலான் கயிற்றை ஓட விட்டு, கேபிளை இழுக்கும்போது அதனுடன் இன்னொரு கயிற்றையும் சேர்த்து இழுத்து உள்ளேயே விட்டுவைத்தால், பிற்காலத்தில் மற்றொரு கேபிள் போட அது உதவும். இணைப்பானைப் பிடித்து இழுக்கவே கூடாது; கேபிளின் உறையையும் அதற்குள் இருக்கும் மஞ்சள் நிற நூலிழைகளையும் கட்டி இழுக்க வேண்டும். இரு முனைகளிலும் இரண்டு மூன்று மீட்டர் மிச்சம் விட்டு, தட்டு அகலத்துக்குச் சுருட்டி வையுங்கள். குழாயின் வாயைச் சிலிக்கான் கொண்டு அடைக்காவிட்டால் எறும்பும் கரையானும் மழைநீரும் குடியேறிவிடும். சுவருக்குள் நுழையும் இடத்தில் கேபிள் முதலில் கீழே இறங்கி, பிறகு மேலேறி உள்ளே போகுமாறு வளைத்தால், அதன் வழியே வடியும் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

மண்ணைத் தள்ளி மூடுவதற்கு முன் இழையின் ஒரு முனையில் சிவப்பு ஒளி விளக்கைப் பொருத்தி மறுமுனையில் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். வழி நெடுக எங்கேனும் சிவப்பு கசிந்தால் அங்கே இழை ஒடிந்திருக்கிறது. குழி திறந்திருக்கும்போதே அதன் படங்களைக் கைபேசியில் எடுத்து, சுவர் மூலையிலிருந்து எத்தனை அடி, கிணற்றிலிருந்து எத்தனை அடி என்ற அளவுகளோடு சேமித்து வைப்பது, அடுத்த முறை சொட்டுநீர்க் குழாய் பதிக்க வருபவரின் கடப்பாரையிலிருந்து உங்கள் கேபிளைக் காப்பாற்றும். கேபிளை மேலே தொங்கவிட்டால் என்ன என்று கேட்கலாம். தென்னை மட்டையும் அணிலும் இருக்கும் தோட்டத்தில் அது நீடிக்காது.

இருமுனைகளிலும் தேவைப்படும் கருவி, இழையின் ஒளியை ஈதர்நெட் கேபிளுக்கான மின்குறிப்பாகவும் மின்குறிப்பை ஒளியாகவும் மாற்றும் மீடியா கன்வெர்ட்டர். ஒற்றை இழையில் இரு திசைகளிலும் பேசும் வகை ஜோடியாகத்தான் விற்கப்படுகிறது: ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் பெறும், மற்றொன்று நேர்மாறாக. ஏ என்று குறித்ததையும் பி என்று குறித்ததையும் இருபுறமும் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். இரண்டும் ஏ ஆக இருந்தால் விளக்கே எரியாது. 10/100 என்று எழுதியிருக்கும் மலிவான கன்வெர்ட்டரைத் தவிர்த்து, 10/100/1000 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். இணைப்பான் முனையின் நிறத்தையும் பார்க்க வேண்டும்: நீலம் நேராகத் தீட்டிய முனை, பச்சை சாய்வாகத் தீட்டிய முனை, ஒன்றை மற்றொன்றில் செருகினால் ஒளி சிதறும், முனையும் கீறும். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு என்பதால், எரிகிறதா என்று பார்க்க முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கவே கூடாது.

குழி தோண்ட முடியாத இடத்தில்

வாடகை வீடு, நடுவில் சிமெண்டுத் தளம், பாறை என்று ஏதாவது தடுத்தால், இரு கட்டடங்களின் வெளிச்சுவரிலும் ஒன்றையொன்று நோக்கிய சிறிய ஆன்டெனாக் கருவிகளைப் பொருத்திக் காற்றுவழிப் பாலம் அமைக்கலாம். சந்தையில் இவை சிபிஇ என்ற பெயரில் கிடைக்கின்றன. இந்தியாவில் 5150–5350, 5470–5875 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் வைஃபை போன்ற கருவிகளை உரிமம் இன்றி வெளிப்புறத்திலும் பயன்படுத்த 2018 அக்டோபர் முதல் அனுமதி உண்டு. கருவியின் அமைப்பில் நாடு இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் அனுமதிக்கப்பட்ட வலிமைக்குள் அது நின்றுகொள்ளும். ஒரு கருவியிலிருந்து மற்றொன்று கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 100 மீட்டர் இடைவெளியில் நேர்கோட்டின் நடுப்பகுதியைச் சுற்றி ஏறத்தாழ 1.2 மீட்டர் ஆரத்துக்கு இலையோ கிளையோ இல்லாமல் இருந்தால்தான் அலை சிந்தாமல் போய்ச் சேரும். உயரமான தென்னந்தோப்பில் இது எளிது, ஓலைகளுக்குக் கீழே மரத்தண்டுகளுக்கு நடுவில் வெட்டவெளி கிடைக்கும். மாந்தோப்பில் கடினம்.

அறைக்குள் அமைக்கும் முறை

தோட்டத்து அறையின் கன்வெர்ட்டரிலிருந்து ஐந்து போர்ட் கொண்ட சிறிய ஜிகாபிட் ஸ்விட்சுக்கும், அதிலிருந்து மேசைக் கணினிக்குக் கேபிள் வழியாகவும், கைபேசிகளுக்காக ஒரு வைஃபை கருவிக்கும் இணைப்புக் கொடுங்கள். பழைய ரவுட்டர் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் அதுவே போதும். அதன் அமைப்புப் பக்கத்தில், வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயிண்ட் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வசதி இல்லாத பழைய கருவியானால், அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை இணையம் உள்ளே வரும் வேன் (WAN) போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகினால் அதே பலன் கிடைக்கும். இதைச் செய்யாமல் விட்டால் வீட்டுக்குள் இன்னொரு தனி வலையமைப்பு உருவாகி, தோட்டத்திலிருந்து வீட்டு அச்சுப்பொறியைக் காண முடியாமல் போகும். வீட்டு ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 1-ஆம் சேனலில் இருந்தால் தோட்டத்துக் கருவியை 6 அல்லது 11-இல் வையுங்கள்.

எல்லாம் இணைந்த பிறகு முதலில் செய்த பிங் சோதனையை மீண்டும் செய்தால் பதில் ஒரு மில்லிவிநாடி அளவில், ஒன்றும் தொலையாமல் வர வேண்டும். வேகம் 94 மெகாபிட்டைத் தாண்ட மறுத்தால் எங்கோ ஒரு கருவி 100 மெகாபிட்டில் நிற்கிறது, அல்லது ஒரு பேட்ச் கார்டின் எட்டுக் கம்பிகளில் ஏதோ ஒன்று சரியாகத் தொடவில்லை என்று பொருள். கன்வெர்ட்டரில் ஃபைபர் விளக்கு எரியாவிட்டால் முனையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தூசிதான்.

மின்வெட்டுக்கு இருமுனைகளையும் தயார்ப்படுத்த வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறார்கள்: தோட்டத்து அறையில் இன்வெர்ட்டர் ஓடினாலும் வீட்டிலுள்ள ஓஎன்டியும் கன்வெர்ட்டரும் அணைந்தால் இணையம் இல்லை. ரவுட்டருக்கான சிறிய டிசி யுபிஎஸ் ஒன்று வீட்டுப் பக்கம் இருந்தால் போதும். ஆனால் ரவுட்டர்கள் பொதுவாக 12 வோல்ட்டும் கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் 5 வோல்ட்டும் கேட்பவை. ஊசி ஒரே அளவில் இருப்பதால் மாற்றிச் செருகினால் கன்வெர்ட்டர் புகைந்துவிடும், எனவே இரண்டிலும் வோல்ட்டை எழுதி ஒட்டி வையுங்கள். வீட்டு இன்வெர்ட்டரையே நம்புவதானால் அதை யுபிஎஸ் முறையில் வைத்தால்தான் மின்சாரம் மாறும் கணத்தில் ரவுட்டர் மறுபடி தொடங்காமல் இருக்கும். தோட்டத்தில் இருக்கிறதே என்று பம்ப்செட்டின் இலவச விவசாய இணைப்பிலிருந்து அலுவலக அறைக்கு மின்சாரம் எடுப்பது விதிமீறல். வீட்டு இணைப்பிலிருந்தே கம்பி இழுக்க வேண்டும். ஃபைபர், இணையக் கேபிள் வழியாக வரும் மின்னலைத்தான் தடுக்கிறது. மின்கம்பி வழியாக வருவதைத் தடுக்காது. ஆகவே அறையின் மின்பலகையில் ஒரு சர்ஜ் புரொடெக்டரைப் பொருத்தும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள், இடி முழங்கும் மாலைகளில் கணினியின் பிளக்கைக் கழற்றியே வையுங்கள்.